கலர்காரரின் பெயர்

மேலப்புளியூர் வர்த்தக சங்கத்தின் ஆண்டு விழாவில், பிறர் மனத்தில் நினைத்ததை அப்படியே சொல்லுகிற மேஜிக் புரொபசர் ஒருவர் மேடையில் நின்று ஒரு பெயரைச் சொன்னார், சபை கை தட்டியது, தட்டி முடித்துக் கைகளை மடியில் வைத்தபோது எந்தப் பெயருக்காகத் தட்டினோம் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. அன்று ஊரை விட்டுப் போன பெயர் போனதுதான். இந்தக் கதையிலும் அதை எழுத முடியாது. எழுதுகிறவனைக் கோபித்துப் பயனில்லை, தாளில் அந்த இடம் வந்ததும் பேனா வறண்டுபோய் அடுத்த சொல்லில்தான் மறுபடியும் மை இறங்குகிறது.

அன்று மேடையில் ஏறி நின்றவர் ஆவுடைநாயகம், தேரடித் தெருவில் மாவு மில் வைத்திருப்பவர், வயது அறுபத்தாறு, நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். எதையும் நம்ப மாட்டார். ஜோசியரிடம் போனால் வேறு யாருடைய ஜாதகத்தையோ தன்னுடையது என்று கொடுத்து என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று உட்கார்ந்திருப்பார்; டாக்டர் ஊசி போட்டால் மருந்துக் குப்பியைக் கேட்டு வாங்கி வெயிலில் பிடித்துப் பார்ப்பார்; கோயிலில் திருநீறு கொடுத்தால் விரலில் தேய்த்து, சாம்பலா சுண்ணாம்பா என்று முடிவு செய்த பிறகுதான் நெற்றிக்குக் கொண்டுபோவார். ஆகவே சபையிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்று புரொபசர் கேட்டவுடன் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

"போம் அண்ணாச்சி. உம்ம மனசுக்குள்ள என்ன கெடக்குன்னு நாங்களும் பாக்கோம்" என்றார் சங்கச் செயலாளர் ஜவுளிக்கடை காந்திமதிநாதன்.

"உன் கடைத் துணின்னு நெனச்சியாடே, இழுத்து அளந்து காட்டதுக்கு?" என்று சொல்லிவிட்டு ஆவுடைநாயகம் மேடை ஏறினார். ஏறியது ஏமாற்றைக் கண்டுபிடிக்கத்தான்.

புரொபசர் மகுடேசன் அந்தப் புழுக்கத்திலும் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். மை பூசிய தலைமுடியிலிருந்து வியர்வை கறுப்பாக இறங்கிக் காலரில் ஊறியிருந்தது. அவர் ஆவுடைநாயகத்தின் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, கண் கனக்கிறது, இமை ஒட்டுகிறது, தூக்கம் தண்ணீர் மாதிரி ஏறுகிறது என்று தாலாட்டுவது போல் சொல்லிக்கொண்டே வந்து, வாழ்க்கையில் ஒரு நாள்கூட மறந்திராத ஒரு பெயரை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆவுடைநாயகம் ஒற்றைக் கண்ணைக் கீற்றாகத் திறந்து வைத்தபடி, இவனை மாட்டிவிட வேண்டும் என்று, முப்பது வருஷத்துக்கு முன்னே செத்துப்போன உழவு மாட்டின் பெயரை நினைக்கத்தான் போனார். போகிற வழியில் மனம் சறுக்கிவிட்டது. காலையில் பல் தேய்க்கும்போதும் சாப்பாட்டில் முதல் உருண்டையை உருட்டும்போதும் வழக்கமாகத் தானே வந்து நிற்கிற ஒரு பெயர் அங்கேயும் வந்து நின்றது. புரொபசர் அதை உரக்கச் சொன்னார். சொன்ன மாத்திரத்தில், பல் பிடுங்கின இடத்தை நாக்கு போய்ப் போய்த் தடவுவது போல, ஆவுடைநாயகத்தின் மனம் ஒரு வெற்றிடத்தைத் தடவ ஆரம்பித்தது.

அந்தப் பெயருக்கு உரியவர் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர். கோலி சோடாவும் சிவப்பும் மஞ்சளுமாகக் கலரும் தயாரித்து, மரக் கிரேட்டுகளில் அடுக்கிக் கடைகளுக்கு அனுப்புகிறவர். ஊர் அவரைக் கலர்காரர் என்றுதான் சொல்லும். இரண்டு வீட்டுக்கும் நடுவே மூன்றடி அகலத்தில் ஒரு முடுக்கு, கொல்லைப்புறமாக ஆற்றுக்குப் போகிற சந்து. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னே, ஆனி மாதம் கோயிலில் கொடியேறிய நாலாம் நாள், ஆவுடைநாயகத்தின் தாயார் இறந்துபோனாள். கொடியேறிவிட்டால் பத்து நாளைக்குத் தேரடித் தெரு வழியாகப் பிணம் போகக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டு; அந்த நாட்களில் சாகிறவர்கள் முடுக்கு வழியாகத்தான் ஆற்றுக்குப் போக வேண்டும். அன்றைக்கு முடுக்கு நிறையக் கலர் கிரேட்டுகள். எல்லாம் நிறைந்த குப்பிகள், ஒன்றை உருவினால் மொத்தமும் சரிந்துவிடும். கலர்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள், திறக்கவில்லை. கடைசியில் நாலு பேர் பாடையைத் தலைக்கு மேலே தூக்கி, பக்கவாட்டில் சாய்த்து, கிரேட்டுகளுக்கு மேலாகக் கைமாற்றிக் கொண்டுபோனார்கள்; சாய்த்தபோது தாயாரின் தலை ஒருபக்கமாகத் துவண்டது, மாலை சாக்கடையில் விழுந்தது. ஆவுடைநாயகம் ஆற்றில் தலை முழுகி, அந்த ஈர வேட்டியோடு நேரே வக்கீல் வீட்டுக்குப் போனார். முடுக்கு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு அன்றைக்குத் தொடங்கியது.

இனி ஊர் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். ஆண்டு விழாவுக்கு மறுநாள் காலையில் கலர் கம்பெனியின் பலகையில் 'அண்ட் சன்ஸ்' என்பதற்கு முன்னால் வெறும் நீலப் பெயின்ட் இருந்தது. பெயின்டரைக் கூப்பிட்டார்கள், அவன் தூரிகையைத் தோய்த்துக்கொண்டு ஏணியில் அரைமணி நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போனான். ரேஷன் கார்டில் அந்த வரி வெளுத்திருந்தது. கலர்காரர் வீட்டுக்குள் மட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை, ஏனென்றால் அவர் மனைவி கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெயரை வாயால் சொன்னவள் இல்லை, பிள்ளைகளுக்கு அவர் அப்பா. எட்டு நாள் கழித்துத் தெருவில் கேள்விப்பட்ட பிறகுதான் அவள், "அப்படியா, பேரு போயிட்டா?" என்று கேட்டாள்.

கோயிலில் அர்ச்சகர் கலர்காரருடைய தட்டை வாங்கி, கோத்திரம் சொல்லி, விசாக நட்சத்திரம் சொல்லி, ஒரு பெயர் சொல்லுகிற நேரம் சும்மா நின்றுவிட்டுக் கற்பூரத்தைக் காட்டினார். சாமி ஒன்றும் கேட்கவில்லை என்று அவரே பிறகு சொன்னார். தபால்காரர் பெயரில்லாத தபால்களையெல்லாம் கலர்காரர் வீட்டிலேயே போட்டார், அதனால் யார் யாரையோ பற்றிய மொட்டைக் கடிதங்கள் அங்கே குவிந்தன. ஆடு காணாமல் போன வழக்கில் பெயர் தெரியாத நபர் என்று எழுதியிருந்ததால் போலீஸ்காரர் முதலில் கலர்காரர் வீட்டுக்கு வந்து, ஒரு கலர் குடித்து, கையெழுத்தில்லாமல் ஒரு வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போனார். ஊருக்கு இதெல்லாம் மூன்றே வாரத்தில் பழகிவிட்டது.

ஆவுடைநாயகத்தால் பொறுக்க முடியாதது வேறொன்று. அம்மன் சன்னிதியில் பெயரை வெளியே சொல்ல விரும்பாத யாரோ ஒரு புண்ணியவான் டியூப்லைட் போட்டிருந்தார். மற்ற லைட்டுகளில் எல்லாம் உபயம் இன்னார் என்று சிவப்பில் எழுதியிருக்க, அதில் உபயம் என்பதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஊர் அந்த லைட்டைப் பார்த்தது, கலர்காரரைப் பார்த்தது, கும்பிட்டது. பிறகு பள்ளிக்கூடத்து நாற்காலிகள், பஸ் ஸ்டாண்டு தண்ணீர்த் தொட்டி, சுடுகாட்டுக் கொட்டகை எல்லாம், பெயர் போடாமல் கொடுத்தவர் யாராக இருந்தாலும், கலர்காரர் கணக்கில் போய்ச் சேர்ந்தன.

"சுடுகாட்டுக் கொட்டகை அவன் போட்டதாம்" என்றார் ஆவுடைநாயகம் சோற்றின் முன்னால் உட்கார்ந்து. "எங்கம்மையச் சாய்ச்சுத் தூக்க வச்சவன்."

மனைவி உலகம்மாள் ரசத்தை ஊற்றினாள். "அவரா சொன்னாரு? ஊரு சொல்லுது."

"எல்லாம் திட்டம். புரொபசர இவன்தான் ஏற்பாடு பண்ணியிருக்கான். பேர ஒளிச்சு வச்சிட்டா கேஸுல எப்படிக் கூப்பிடுவான்? அதுக்குத்தான்."

"மேடையேறித் தூக்கிக் குடுத்துட்டு வந்தது நீங்க. இப்ப அவரு களவாணியா? நல்லாருக்கு ஞாயம்."

ஆனால் வழக்கு விஷயத்தில் ஆவுடைநாயகம் சந்தேகப்பட்டது அப்படியே நடந்தது. வாய்தா நாளில் நீதிமன்ற வாசலில் டவாலி நெஞ்சை நிமிர்த்தி, வாதி ஆவுடைநாயகம் என்று மூன்று தடவை கூப்பிட்டான், பிரதிவாதிக்கு வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. மூன்று தடவையும் காற்று. கலர்காரர் வராந்தாவில் கை கட்டி நின்றுகொண்டிருந்தார்; பெயர் சொல்லிக் கூப்பிடாத ஆள் எப்படி உள்ளே வருவது என்று குமாஸ்தா தடுத்துவிட்டான். நீதிபதி பிராதைப் புரட்டினார், பத்தொன்பது வருஷத்துத் தாள்களில் பிரதிவாதி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக இருந்தது. தீர்ப்பு எழுதித் தயாராக இருக்கிறது, ஆனால் பெயரில்லாத ஆளுக்கு எதிராக அதைப் படிக்க முடியாது, அடுத்த வாய்தாவுக்குள் பெயர் வராவிட்டால் வழக்குத் தள்ளுபடி என்று சொல்லி அடுத்த வழக்குக் கட்டை எடுத்தார்.

"தீர்ப்பு நமக்குத்தான் அண்ணாச்சி" என்று வக்கீல் தங்கப்பழம் வெளியே வந்து காதோடு சொன்னார். "முடுக்கு முழுக்க உமக்குன்னு எழுதியிருக்காருன்னு கேள்வி. ஒரு பேர். அது ஒண்ணுதான் குறுக்க நிக்கி."

ஆவுடைநாயகம் பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போனார். புரொபசர் மகுடேசன் ஒரு காம்பவுண்டு வீட்டில் கைலியோடு உட்கார்ந்து மேடைக் கோட்டின் கக்கத்துக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். தலைமுடி நரைத்திருந்தது. ஆவுடைநாயகம் உட்காராமலே கேட்டார்.

"எவ்வளவு நாளாப் பழக்கம் உமக்கும் அவனுக்கும்?"

"எவனுக்கு?"

"அத நீருதான் சொல்லணும். பேரு உம்மகிட்டல்லா இருக்கு."

புரொபசர் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினார். "ஐயா, கோவிச்சுக்கிடாதீங்க. உங்க மனசை நான் படிக்கவே இல்லை. காலையில உங்க செயலாளர் சொன்னார், ஒருத்தரை மேடைக்கு அனுப்புதோம், அவர் என்ன நினைக்கப்போனாலும் கடைசியில இந்தப் பேரைத்தான் நினைப்பாருன்னு. ஊர் முழுக்கத் தெரிஞ்ச பேராம். நான் சீட்டுல எழுதி வச்சுக்கிட்டேன். அந்தச் சீட்டும் இப்ப வெள்ளையா இருக்கு, பாக்குறீங்களா?"

சீட்டை ஆவுடைநாயகம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நாக்கில் வைத்துப் பார்த்தார். வெறும் தாள். "வேற ஊருல இப்படி ஆனதுண்டா?"

"நாப்பது வருஷத்துல ஒரு தடவையும் இல்லை. சாதாரணமா ஆளுக நினைக்கிற பேரு மேலாப்புல கிடக்கும். சொன்னாலும் அவங்ககிட்டயே இருக்கும். உங்களது ஆழத்துல பிடிச்சிருந்திருக்கு போல, இழுத்ததும் ஊரோட சேர்ந்து வந்துட்டு. அது எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. எங்கிட்ட இல்லை."

ஆவுடைநாயகம் திரும்பிவந்த பஸ்ஸில் இரண்டு சந்தேகங்களோடு உட்கார்ந்திருந்தார். ஒன்று, புரொபசர் பொய் சொல்கிறான். இன்னொன்று, அவன் சொன்னது நிஜம். இரண்டாவதுதான் அவரை அதிகமாக அரித்தது.

வாய்தாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் மில்லில் ஆள் இல்லாத நேரம் கலர்காரர் வாசலில் வந்து நின்றார். பத்தொன்பது வருஷத்தில் அந்த வாசலுக்கு அவர் வந்தது முதல் தடவை. இளைத்திருந்தார். கையில் ஒரு கல்யாணப் பத்திரிகை, அச்சாபீசில் நாலு தடவை அடித்தும் பெண்ணின் தகப்பன் இருக்க வேண்டிய வரியில் எழுத்து விழாத பத்திரிகை.

"மாப்பிள வீட்டுல யோசிக்காவ" என்றார். "தகப்பன் பேரு சொல்லத் தெரியாத வீட்டுல எப்படிப் பொண்ணு எடுக்கன்னு கேக்காவ. என் பேர எனக்கே சொல்லத் தெரியலவே. குடுத்துரும்."

"எங்கிட்ட என்ன இருக்கு? கோயிலுக்கு லைட்டு போட்டவரு நீரு, கொட்டகை போட்டவரு நீரு. எங்கிட்ட வந்து கேக்கேரு."

"நான் ஒரு லைட்டும் போடல. உமக்கே தெரியும்." கலர்காரர் மாவு படிந்த நடையில் அப்படியே குந்தினார். "உம்மகிட்டதான் இருந்துச்சு. நல்லா யோசிச்சுப் பாத்துட்டுத்தான் வாரேன். எங்க வீட்டுல அவ சொன்னதில்ல. பிள்ளைக அப்பாங்கும். ஊரு கலர்காரன்னுச்சு. எங்கப்பன் ஆத்தா செத்தப்புறம் என்னைப் பேரச் சொல்லி நெனச்ச ஆளு இந்த ஒலகத்துல நீரு ஒருத்தருதான். உம்ம வாயில இருந்து போச்சுன்னா எங்க போவும்? எனக்குன்னு வேற எடம் ஏது அதுக்கு?"

ஆவுடைநாயகம் அரவை இயந்திரத்தின் பெல்ட்டைத் தடவிக்கொண்டு நின்றார். இது புதுத் தினுசான தந்திரமாக இருக்கும் என்று நினைத்தார். அழுகிற கண்ணை நம்ப வேண்டியதில்லை, வெங்காயம் உரித்தாலும் அப்படித்தான் இருக்கும்.

"ஒண்ணு கேக்கேன், சொல்லும். அன்னைக்குக் கதவத் தட்டினோமே, கேட்டுச்சா?"

கலர்காரர் பத்திரிகையைப் பக்கத்தில் நடையில் வைத்தார்.

"கேட்டுச்சு" என்றார். "காலையில அழுகைச் சத்தம் கேட்டப்பவே தெரியும், அம்மா போயிட்டாவன்னு. அந்தக் கிரேட்ட எடுக்கப் பத்து நிமிஷம் ஆகும். முந்தின நாளு தண்ணி ஓடுத விஷயமா நீரு எங்க வீட்டுப் பொம்பளைய ஒரு வார்த்தை சொன்னீரு. வந்து கெஞ்சட்டும்னு உக்காந்திருந்தேன். நீரு கெஞ்சல. பாடையச் சாய்ச்சதக் கதவு இடுக்கு வழியாப் பாத்தேன். அப்பவாவது திறந்திருக்கணும். திறக்கல."

இந்த வார்த்தைக்காகத்தான் ஆவுடைநாயகம் பத்தொன்பது வருஷமாகக் கோர்ட்டுப் படி ஏறினார். எந்த வாய்தாவிலும் எந்த வக்கீலும் இதை வாங்கித் தரவில்லை. கேட்டவுடன், அடிவயிற்றிலிருந்து ஏப்பம் கிளம்புவது போல ஏதோ ஒன்று கிளம்பி, நெஞ்சைத் தாண்டி, தொண்டையைத் தாண்டி, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. பெயர். முழுப் பெயர், இனிஷியலோடு. ஆவுடைநாயகம் சட்டென்று வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கையால் மட்டும் போ என்று காட்டினார்.

ஆறு நாளும் அவர் யாரிடமும் பேசவில்லை. சாப்பிடும்போதுகூடச் சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கி மெதுவாக மென்றார். பல்வலி என்று உலகம்மாள் கிராம்பு கொடுத்தாள். கோர்ட்டுக்குக் கிளம்பும்வரை அவர் மனத்தில் இருந்தது ஒரே தீர்மானம்: உள்ளே போனதும் சொல்லிவிடுவது, முடுக்கை வாங்கிவிடுவது.

டவாலி கூப்பிட்டான். காற்று வந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வாதி, பிரதிவாதியின் பெயர் உமக்காவது தெரியுமா?" என்று கேட்டார். தங்கப்பழம் முழங்கையால் இடித்தார். ஆவுடைநாயகம் நிமிர்ந்து பார்த்தார். வராந்தாவில், குமாஸ்தாவின் கைக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, கலர்காரர் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, வந்து கெஞ்சட்டும் என்று காத்திருந்த மனிதர். இப்போது கதவு ஆவுடைநாயகத்தின் வாயாக இருந்தது. சொன்னால் முடுக்கு வரும். சொன்னால் பலகை நிரம்பும், பத்திரிகை நிரம்பும், இந்த மனிதர் சாயங்காலமே பெயரோடு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார். பத்து நிமிஷ வேலைதான்.

"தெரியாதுங்கய்யா" என்றார் பல்லைத் திறக்காமல்.

வழக்குத் தள்ளுபடி ஆனது.

"பத்தொம்பது வருஷம் நடத்திட்டு நடையில வந்து விட்டுட்டீரே அண்ணாச்சி" என்று தங்கப்பழம் படியில் உட்கார்ந்துவிட்டார். ஆவுடைநாயகம் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

வாய் மூடியிருந்த விதத்தை வைத்தே, பெயர் அதற்குள்தான் இருக்கிறது என்று கலர்காரருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் விடிந்தபோது முடுக்கில் ஒரு கிரேட்டுகூட இல்லை, தரையைக் கழுவி விட்டிருந்தார். அதற்கும் மறுநாள் முடுக்குப் பக்கமிருந்த தன் வீட்டுக் கதவைச் செங்கல் வைத்து அடைத்தார். பெண்ணின் கல்யாணம் நின்றுபோகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெரிய மனது பண்ணி, இன்னாரின் பேத்தி என்று தாத்தா பெயரைப் போட்டுப் பத்திரிகை அடித்தார்கள், கல்யாணம் ஜோராக நடந்தது, தகப்பனுக்கு மட்டும் அதில் வரி இல்லை.

ஆவுடைநாயகம் செய்தது பாவம் என்று சொல்கிறவர்கள் ஊரில் உண்டு. தாயின் தலை துவண்டு தொங்கியதைப் பார்க்காதவர்கள் அவர்கள்.

இப்போது தினமும் காலையில் கலர்காரர் மில் வாசலுக்கு வந்துவிடுகிறார். "முடுக்க எடுத்துக்கிடும், எழுதியே தாரேன்" என்பார். "மனசாரக்கூட வேண்டாம், சும்மா ஒரு தடவை வாயத் திறந்து சொல்லிரும்" என்பார். ஆவுடைநாயகமோ, தூசி மூக்கில் ஏறாமலிருக்க மில்காரர்கள் கட்டுவது போலத் துண்டை மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, அரைக்கத் தானியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மோட்டாரைப் போடுவார். அந்த இரைச்சலில் தன் காதுக்கே கேட்காதபடி துண்டுக்குள் அந்தப் பெயரைச் சொல்லுவார், திரும்பத் திரும்பச் சொல்லுவார். வெளியே வெயிலில் நிற்கிற கலர்காரர், துணி எத்தனை தரம் உப்பித் தணிகிறது என்று பார்த்து, தன் பெயருக்கு எத்தனை எழுத்து என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்.